இரண்டு பேர் பெயரில் இருந்த வீடு

விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்று சந்திரமதியும் ஹேமநாதனும் ஒரே மோட்டார் சைக்கிளில்தான் வீடு திரும்பினார்கள். நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஸ்கூடாய் பக்கம் போகும் பேருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. "ஏறு, நனையாத," என்றான் ஹேமநாதன். அவள் ஏறிக்கொண்டாள். இருந்த ஒரே மழைச்சட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு அவன் நனைந்துகொண்டே ஓட்டினான். வழியில் சாலையோர ஒட்டுக்கடையில் நிறுத்தி இரண்டு பொட்டலம் நாசி லெமாக் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவன் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டான். அதுதான் பிரிவு.

அவர்கள் பிரிந்ததற்கு நாலு பேரிடம் சொல்லும்படியான காரணம் எதுவும் கிடையாது. சந்திரமதி செனாய் பக்கம் ஒரு மின்னணுச் சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். இரவு ஷிப்டுக்குக் கூடுதல் படி உண்டு என்பதால், மகள் லோஷினி பால் மறந்ததுமே இரவுக்கு மாறிக்கொண்டாள். ஹேமநாதன் பாசிர் கூடாங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டினான். அவனுக்குப் பகல் வேலை. அவள் உள்ளே வரும்போது அவன் கிளம்புவான். அவன் வரும்போது அவள் கிளம்புவாள். ஒரே கட்டிலில் ஆளுக்கொரு பொழுது தூங்கினார்கள். பிள்ளையை மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். லோஷினி வளர்ந்து பத்து பாகாட் என்ற ஊருக்குப் படிக்கப் போன வருடம் சந்திரமதிக்குப் பகல் ஷிப்ட் கிடைத்தது. இருவரும் சேர்ந்தாற்போல் மாலை நேரத்தில் வீட்டில் இருந்தது அப்போதுதான். பேசிக்கொள்ள ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சண்டை போடுவதற்குக்கூட ஒரு விஷயம் அகப்படவில்லை. பிரிந்துவிடலாம் என்று முதலில் சொன்னது யார் என்பது இருவருக்குமே ஞாபகமில்லை.

வீடுதான் சிக்கலாகிவிட்டது. அது அரசாங்கத்தின் மலிவு வீட்டுத் திட்டத்தில் குலுக்கலில் விழுந்த மூன்றாம் மாடி வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், துணி காயப்போட ஒரு சின்ன பால்கனி. வெளியில் விற்கும் விலையில் பாதிகூட இல்லை. குலுக்கலில் பெயர் வந்த அன்று ஹேமநாதன் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் தே தாரிக் வாங்கிக் கொடுத்தான். அந்த மலிவுக்குச் சில விதிகள் இருந்தன. குறிப்பிட்ட காலத்துக்கு அனுமதியில்லாமல் விற்கக் கூடாது. வாடகைக்கு விடக் கூடாது. ஒருமுறை வாங்கியவர் மறுபடி இன்னொரு மலிவு வீட்டுக்கு மனுப்போட முடியாது. "யாரு விக்கப்போறா இத?" என்று சிரித்துக்கொண்டே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

விவாகரத்துக்கு எழுதித் தந்த வக்கீல் பிரேமலா முதலில் கேட்டதே வீட்டைப் பற்றித்தான்.

"யாரு வெச்சிக்கப்போறீங்க?"

"அவங்க வெச்சிக்கட்டும்," என்றான் ஹேமநாதன்.

"அப்படின்னா கடன் முழுசும் அவங்க பேருக்கு மாறணும் சார். பேங்க் அவங்க சம்பளத்த மட்டும்தான் பாக்கும்."

வங்கி சந்திரமதியின் சம்பளத்தைப் பார்த்தது, போதாது என்றது. ஹேமநாதன் சம்பளத்தைப் பார்த்தது, அதையும் போதாது என்றது. விற்கலாம் என்றால் அனுமதி வாங்க வேண்டும். வாங்குகிறவரும் மலிவு வீட்டுக்குத் தகுதியானவராக இருக்க வேண்டும். விலையும் வீடமைப்பு அலுவலகம் சொல்வதுதான். கடனைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கிட்டால், கையில் வருவது எந்த வீட்டுக்கும் முன்பணமாகக்கூடக் காணாது.

"சரி, வீடு ரெண்டு பேரு பேர்லயே இருக்கட்டும்," என்றாள் பிரேமலா. "ஒருத்தர் வெளிய ரூம் பாத்துக்கிட்டுப் போங்க."

ஹேமநாதன் பார்க்காமல் இல்லை. வேலை முடிந்து தினமும் ஒரு குடியிருப்பாக, தாமான் தாமானாகச் சுற்றினான். ஸ்கூடாயில் மாணவர்கள் ஒரு பக்கம், பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஒரு பக்கம். அவர்கள் கொடுக்கும் வாடகைதான் ஊர் வாடகையாகிவிட்டது. சிங்கப்பூருக்குப் புது ரயில் ஓட ஆரம்பித்ததும் இன்னும் ஏறும் என்று தரகர்கள் அதையே நல்ல செய்தியாகச் சொன்னார்கள். அவன் கைக்கு எட்டுகிற அறை ஒன்றிரண்டு இருந்தன. தொலைபேசியில் பெயரைச் சொன்னதும், "இந்தியரா?" என்று கேட்டு, வீட்டுக்காரரிடம் விசாரித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். திரும்பக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. நான்கைந்து மாதம் அலைந்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தன் துணிமணிகளைச் சின்ன அறைக்கு மாற்றிக்கொண்டான். பெரிய அறை அவளுக்கும், வந்தால் மகளுக்கும். குளிர்ப்பெட்டியில் மேல்தட்டு அவளுடையது, கீழ்த்தட்டு அவனுடையது. தவணை ஆளுக்குப் பாதி.

அவனை எப்படிக் கூப்பிடுவது என்பது மட்டும் சந்திரமதிக்குப் பிடிபடவில்லை. "என்னங்க" என்பது இனிப் பொருந்தாது. பெயர் சொல்லியும் பழக்கமில்லை. கடைசியில் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், "கேஸ் தீந்துபோச்சு," "தண்ணி நிக்கப்போகுதாம்," என்று சுவரைப் பார்த்துச் சொல்லப் பழகிக்கொண்டாள்.

இப்படியே ஒன்றரை வருடம் போனது. கஷ்டமாக இருந்ததா என்று கேட்டிருந்தால் சந்திரமதி இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். சுகமாக இருந்ததா என்று கேட்டிருந்தாலும் அதே பதில்தான்.

ஒருநாள் காலை அவள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஹேமநாதன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ஒரு விஷயம் சொல்லணும், சந்திரா."

"சொல்லுங்க."

"நான் ஒருத்தங்கள கட்டிக்கப்போறேன். புஷ்பவள்ளின்னு பேரு. எங்க கிடங்கு கேன்டீன்ல சமைக்கிறாங்க. புருசன் இல்ல. சொந்த ஊரு கோத்தா திங்கி பக்கம்."

"சரி."

"ரூம் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். அமைய மாட்டேங்குது. அவங்க இப்ப நாலு பொம்பளைங்களோட ஒரு ரூம்ல இருக்காங்க." அவன் கதவு நிலையை நகத்தால் சுரண்டினான். "உனக்கு ஒன்னும் இல்லேன்னா... கொஞ்ச நாளைக்கு..."

அவன் கேட்பது என்ன என்று அவளுக்கு உடனே புரிந்தது. நெஞ்சில் ஏதாவது நடக்கும் என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே யாரோ மோட்டாரை உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்ரூம் லைட்ட அணைப்பாங்களா?" என்று கேட்டாள். "நீங்க அணைக்கிறதே இல்ல. கரண்ட் பில்லு ஏறுது."

"சொல்றேன்," என்றான் அவன்.

லோஷினிக்குத் தொலைபேசியில் சொன்னாள். "அம்மா, உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றாள் மகள்.

"வேற எங்க போவாங்க?"

"அது ஏன் உங்க பிரச்சனை?"

"வீடு அப்பாவோடதும்தானே," என்றாள் சந்திரமதி. மகள் தொலைபேசியை வைத்துவிட்டாள். இரண்டு மாதம் அவள் வீட்டுப் பக்கம் வராமல் இருந்துவிட்டாள்.

புஷ்பவள்ளி ஒரு பெட்டி, ஒரு மிக்சி, தலையணை ஒன்றுடன் வந்தாள். நாற்பதை எட்டாத வயது, பருத்த உடம்பு, சத்தமான சிரிப்பு. வந்த முதல் வாரம் அந்தச் சிரிப்பு கேட்கவில்லை. சந்திரமதி சமைத்து முடித்து வெளியேறும் வரை சின்ன அறைக்குள்ளேயே இருப்பாள். பிறகு ஒருநாள் தேங்காய் துருவுவதற்குத் துருவி எங்கே என்று கேட்டு வந்தாள். அதற்குப் பிறகு, ஒரே அடுப்பில் ஒருத்தி சோற்றை இறக்க மற்றவள் சட்டியை ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. புஷ்பவள்ளி அவளை 'அக்கா' என்றாள். பாத்ரூம் விளக்கை அணைக்க மறந்ததே இல்லை.

கீழ்வீட்டுப் பெண்கள் லிப்டில் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். கோயிலில் ஒரு கிழவி, "நீ எப்படிம்மா தாங்கிக்கிற?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தாங்கிக்கொள்ள என்ன இருக்கிறது என்று சந்திரமதிக்கு நிஜமாகவே தெரியவில்லை. கிழவி மனம் நோகக் கூடாதே என்று முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொண்டாள்.

மார்ச் மாதம் வீடமைப்பு அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்தார்கள். அந்தக் கட்டடத்தில் சிலர் மலிவு வீட்டை வார இறுதியில் சிங்கப்பூர்க்காரர்களுக்கு விடுகிறார்கள் என்று புகார் போயிருந்தது. சனிக்கிழமை காலை, ஹேமநாதன் ஓவர்டைம் போயிருந்தான். கதவைத் தட்டிய அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி, மரியாதையாகத்தான் பேசினார். சந்திரமதியின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, அவளுக்குப் பின்னால் ஈரக்கையோடு நின்ற புஷ்பவள்ளியைக் காட்டி, "இனி சியாப்பா?" என்றார். இது யார்?

புஷ்பவள்ளியின் முகம் வெளுத்துவிட்டது. வாடகைக்கு இருக்கிறவள் என்று எழுதிவிட்டால் வீட்டுக்கே ஆபத்து.

"அடிக் சாயா," என்றாள் சந்திரமதி. என் தங்கை.

அதிகாரி தலையசைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கதவைச் சாத்தியதும் புஷ்பவள்ளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்ல? நீ யாருன்னு சொல்றதுக்கு எனக்கு மலாய்ல வார்த்த தெரியல."

"தமிழ்ல?"

சந்திரமதி யோசித்துப் பார்த்தாள். "தமிழ்லயும் தெரியல," என்றாள்.

புஷ்பவள்ளி சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதாள். சந்திரமதி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். தோளைத் தொடலாமா என்று தோன்றியது. அதற்குள் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

தீபாவளிக்கு முன்னால் புஷ்பவள்ளி கிளம்புவதாகச் சொன்னாள். கோத்தா திங்கியில் அவள் மாமாவின் பலகை வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. ஆற்றுக்குப் பக்கம், தாழ்வான இடம். வருடக் கடைசியில் தண்ணீர் ஏறும் என்பதால் யாரும் வருவதில்லை. மாமா வாடகை என்று பேருக்கு ஏதோ கேட்டார். ஹேமநாதன் அங்கிருந்து பாசிர் கூடாங்குக்கு மோட்டாரில் போய்வர ஒத்துக்கொண்டுவிட்டான்.

"இங்க எதாச்சும் சங்கடமா?" என்று சந்திரமதி கேட்டாள்.

"சங்கடமே இல்லக்கா. அதான்." புஷ்பவள்ளி மிக்சியின் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "என்னைய ரெண்டு வார்த்த திட்டியிருந்தீங்கன்னாகூட இருந்திருப்பேன். என் சட்டிய நகட்டி வெச்சிருந்தா, மூஞ்சத் திருப்பியிருந்தா. நீங்க எதுவுமே செய்யல. சுடுகாட்டுல குடியிருக்கிற மாதிரி இருக்குக்கா."

சொன்ன பிறகு பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தாள். சந்திரமதிக்குக் கோபம் வரவில்லை. சரியாகத்தான் சொல்கிறாள் என்று பட்டது. சாமான்களைக் கீழே இறக்க ஒரு கை கொடுத்தாள்.

லோரி கிளம்புவதற்கு முன் ஹேமநாதன் படியேறி வந்தான். "ரெண்டு எடத்துக்கும் என்னால கட்ட முடியாது, சந்திரா. ரூம யாருக்காச்சும் விட்டுடு. தவணையில என் பாதிக்குச் சரியாப்போயிடும்."

"விடக் கூடாதுன்னு இருக்கே."

"எல்லாரும்தான் விடுறாங்க."

லோஷினிதான் இணையத்தில் விளம்பரம் போட்டாள். இந்தியர்களும் வரலாம் என்று முதல் வரியிலேயே எழுதினாள். விலை எழுதவில்லை. சந்திரமதி மனதுக்குள் ஒரு தொகை வைத்திருந்தாள், ஹேமநாதன் கட்டிவந்த பாதித் தவணை. அதற்குமேல் ஒரு காசு வேண்டியதில்லை. சாயங்காலத்துக்குள் தொலைபேசி சூடேறிவிட்டது. முதலில் கூப்பிட்டவன் அவள் வாயைத் திறப்பதற்குள் அதைப் போல் ஒன்றரை மடங்கு சொன்னான். அடுத்தவன் அதற்கும் மேலே போனான். அவர்கள் யாரும் பேரம் பேசவில்லை. அறை கைநழுவிவிடுமோ என்று பயந்துபோய் அவர்களாகவே ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் மனதில் வைத்திருந்த தொகை அதற்குப் பிறகு வாய்க்கு வரவே இல்லை.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அங்கம்மா கூப்பிட்டாள். சந்திரமதியின் தொழிற்சாலையில் தரை கூட்டும் பெண். "உங்க வீட்டுல ரூம் இருக்குன்னு சொன்னாங்கம்மா. இப்ப இருக்கிற எடத்துல வாடகைய ஏத்திட்டாங்க. நான் ஒருத்திதான். சமைக்கக்கூட மாட்டேன்." தன்னால் முடிந்ததைச் சொன்னாள். சந்திரமதி முதலில் மனதில் வைத்திருந்ததற்குக் கிட்டத்தட்ட அதே தொகை.

"பாத்துட்டுச் சொல்றேன் அங்கம்மா," என்றாள் சந்திரமதி.

அறையை நிர்மலாதேவி என்ற பெண்ணுக்கு விட்டாள். சிங்கப்பூரில் முதியோர் இல்லத்தில் வேலை, விடிவதற்கு முன் போய், இருட்டிய பிறகு வருபவள். மூன்று மாத வாடகையை ஒரே நாளில் வங்கியில் போட்டாள். யாராவது கேட்டால் தங்கை மகள் என்று சொல்லச் சொல்லியிருந்தாள் சந்திரமதி. தவணை கட்டி மீதி இருந்தது. அதில் லோஷினிக்கு ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தாள். மறுவாரம் கேன்டீனில் அங்கம்மா தட்டோடு எதிரே வந்து நின்றாள்.

"ரூமு?"

"ஆள் வந்துட்டாங்க."

"சரிம்மா," என்று அங்கம்மா வேறு மேசைக்குப் போய்விட்டாள். சந்திரமதி தட்டில் இருந்ததை மீதி வைக்காமல் சாப்பிட்டாள். சாப்பிட முடிகிறதே என்றுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

டிசம்பரில் மழை விடாமல் பிடித்தது. கோத்தா திங்கியில் ஆறு ஏறியது. ஹேமநாதன் கூப்பிட்டபோது பின்னால் ஆட்களின் இரைச்சல் கேட்டது. பள்ளிக்கூட மண்டபத்தில் தங்க வைத்திருக்கிறார்கள், புஷ்பவள்ளிக்குக் காய்ச்சல் என்றான்.

"ரூம்ல ஆள் இருக்காங்க," என்றாள் சந்திரமதி.

"தெரியும். ஹால்ல படுத்துக்கிறோம். தண்ணி வடியிற வரைக்கும்."

"வாங்க."

வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்தார்கள். புஷ்பவள்ளி இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. சந்திரமதி கஞ்சி வைத்துக் கொடுத்தாள், மாத்திரை கொடுத்தாள். நிர்மலாதேவி அவர்களைத் தாண்டிக்கொண்டு வேலைக்குப் போனாள், தாண்டிக்கொண்டு திரும்பினாள். மூன்றாம் நாள் கதவருகே நின்று, "ஆன்டி, நான் ரூமுக்குன்னு சொல்லித்தான் வந்தேன். இவ்ளோ பேருன்னு சொல்லலியே," என்றாள். சந்திரமதி அந்த மாத வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னாள். நிர்மலாதேவி கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாயில் உட்கார்ந்திருந்த ஹேமநாதன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். "எவ்வளவுக்கு விட்டிருக்க?" என்றான் மெதுவாக.

அவள் சொன்னாள்.

அவன் சாத்திய கதவைப் பார்த்தான். "அவ்வளவா?" என்றான். மேலே ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது. புஷ்பவள்ளி இருமினாள். அவன் அவள் பக்கம் திரும்பி நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

தண்ணீர் வடிந்து அவர்கள் திரும்பிய மறு ஞாயிறு, வீடு கழுவ உதவிக்குச் சந்திரமதியும் போனாள். யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் சும்மா இருப்பதற்குப் போகலாமே என்று கிளம்பினாள். லார்கின் போய் பேருந்து மாறி, ஜன்னலோரம் செம்பனைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போனாள். பலகைச் சுவரில் இடுப்பளவுக்குச் சேறு அப்பியிருந்தது. மூன்று பேரும் வாளியும் துடைப்பமுமாகப் பொழுது சாயும் வரை கழுவினார்கள். அதிகம் பேசவில்லை. ஹேமநாதன் மெத்தையை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனான்.

வீடு அவள் நினைத்ததைவிடப் பெரியது. மூன்று அறை. பின்பக்கக் கதவைத் திறந்தால் நல்ல காற்று வந்தது.

"அந்தக் கடைசி ரூம் சும்மாதான் கெடக்குதுக்கா," என்றாள் புஷ்பவள்ளி, துணியைப் பிழிந்துகொண்டே. "சாமான்கூட இல்ல அதுல."

சந்திரமதி அந்த அறையை எட்டிப் பார்த்தாள். தரை இன்னும் ஈரமாக இருந்தது. காலை ஷிப்டுக்கு இங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டாள்.

"தூரம்," என்றாள்.

"ஆமா, தூரம்தான்," என்றாள் புஷ்பவள்ளி.

கடைசிப் பேருந்துக்கு முந்திய பேருந்தில் ஏறினாள். கையெல்லாம் தரை கழுவிய குளோரக்ஸ் நாற்றம். வருத்தமா சந்தோஷமா என்று தன்னைத் தானே கேட்டுப் பார்த்தாள். கேள்வி எங்கேயும் போய்ப் படவில்லை. முதுகு வலித்தது. அது நிச்சயமாகத் தெரிந்தது.

ஸ்கூடாய் வந்து சேர்ந்து மூன்றாம் மாடி ஏறினாள். கதவுக்கு வெளியே நிர்மலாதேவியின் காலணிகள் இருந்தன. அந்தப் பெண்ணுக்கு விடிவதற்கு முன் எழுந்திருக்க வேண்டும், தூங்கியிருப்பாள். சந்திரமதி சாவியைச் சத்தம் வராமல் திருப்பி, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, ஒருக்களித்து உள்ளே போனாள்.